பெலாரியான் என்று யாரும் சொல்லவில்லை

என் வீட்டு கார் போர்ச்சில் ஒரு வாரமாக ஒரு புல்வெட்டும் மிஷின் கிடக்கிறது. என்னுடையது இல்லை. எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்கப் புல் வெட்டும், மியன்மாரின் ரோஹிங்யா இனத்துத் தம்பி கோலாலம்பூருக்குப் போகும்போது விட்டுப் போனது. யுஎன் கார்டு, அதாவது ஐநா அகதிகள் நிறுவனம் கொடுத்த அட்டை, காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்க வேண்டும். சுங்கைப்பட்டாணியிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். மனைவி, ஏழு வயது மகள் எல்லாரும் நேரில் போக வேண்டுமாம். "மக்சிக் (அத்தை), நாங்கள் இருக்கும் கடைவீட்டில் வைத்தால் திரும்பி வரும்போது இருக்காது. உங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றார். சரி, வையுங்கள் என்றேன்.

புறப்படும் முன் அந்தக் கார்டை எடுத்து என்னிடம் காட்டினார். நீல எழுத்து, ஒரு படம், ஒரு எண். நீதிமன்றத்தில் இந்த மாதிரிக் கார்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் யாரும் இவரைப் போல் சட்டையின் உள்பாக்கெட்டிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்ததில்லை. "வழியில் ரோட்பிளாக் இருந்தால் இதைக் காட்டினால் விட்டுவிடுவார்களா?" என்று கேட்டார். விடுகிறவர் விடுவார், விடாதவர் விடமாட்டார். அது சட்டத்தில் எழுதியிருக்கும் விஷயம் இல்லை, நிற்கிற போலீஸ்காரரின் மனசில் இருக்கிற விஷயம். அதை அவரிடம் அப்படியே சொல்ல வாய் வரவில்லை. "காட்டுங்கள், பயப்படாமல் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் முப்பது வருஷத்துக்கும் மேல் கீழ் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மலாயில் ஜூருபஹாசா. பெயரைப் பார்த்து வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பு எடுத்து வைப்பது, ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, குற்றச்சாட்டை வாசிப்பது, சாட்சியைச் சத்தியம் பண்ண வைப்பது எல்லாம் எங்கள் தலையில்தான். ஒரு வேலையை அத்தனை வருஷம் செய்தால் அது உடம்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. யாராவது பேசினால் இன்னமும் எனக்கு முதலில் காதில் விழுவது, எந்தச் சொல்லைச் சொன்னார்கள், எந்தச் சொல்லை விழுங்கினார்கள் என்பதுதான்.

2013இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வடக்கில் ஒரு நீதிமன்றம், எது என்பது வேண்டாம். தாய்லாந்து எல்லைப் பக்கமிருந்து வந்த ஒரு லோரியில் பிடிபட்ட நான்கு பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூத்தவனுக்கு இருபது இருக்கும். லோக்காப்பில் கொடுத்த டிசட்டை ஒரு சுற்றுப் பெரிது. காலில் செருப்பு இல்லை. நான் அவர்களைவிட ஒரு படி தாழ உட்கார்ந்திருந்ததால் என் கண்மட்டத்தில் அவன் கணுக்கால்தான் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம் போலத் தோல் காய்த்து, கறுத்து, நடுவில் வெளிறிப் போயிருந்தது.

பர்மிய மொழிக்கு ஆள் வந்திருந்தார். பேசிப் பார்த்தார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். "இவர்களுக்கு பர்மிய மொழி சரியாக வரவில்லை" என்று கையை விரித்துவிட்டார். அப்போது பின் பெஞ்சில், வேறொரு விபத்து வழக்கில் சாட்சி சொல்ல வந்திருந்த வங்காளதேசத்துக்காரர் எழுந்தார். ஊர் சிட்டகாங். பத்து வருஷம் இங்கே கட்டட வேலை பார்த்ததில் மலாய் சரளம். சிட்டகாங் பேச்சும் ரோஹிங்யா பேச்சும் அண்ணன் தம்பி மாதிரி. நான் பேசவா என்றார். நீதிபதி தலையாட்டினார்.

நான் வாசித்தேன். குடிநுழைவுச் சட்டம் 1959/63, பிரிவு 6(1)(சி). செல்லத்தக்க பெர்மிட்டோ பாஸோ இல்லாமல் நாட்டுக்குள் இருந்தது. தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே 6 ரோத்தான் (பிரம்படி) வரை. சிட்டகாங்காரர் அதை அவனுக்குச் சொன்னார். மூத்தவன் பதில் சொன்னான். இரண்டு நிமிடம் இருக்கும், நிறுத்தாமல் பேசினான். சிட்டகாங்காரர் திரும்பி, "ஆமாம் என்கிறான்" என்றார்.

இரண்டு நிமிடப் பேச்சு ஒரு சொல்லாக வந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று என் மாதிரி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல வேளை, நீதிபதிக்கும் தெரிந்திருந்தது. வேறென்ன சொன்னான் என்று கேட்டார். "ஊரில் ஸுலும் என்கிறான்." ஸுலும் என்றால் கொடுமை. இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மலாயில் ஸாலிம் என்பதும் அதே அரபு வேரில் வந்த சொல்தான். நீதிபதியின் பேனா ஒரு கணம் நின்றது. "அப்புறம் மலையில் கட்டிப் போட்டிருந்தார்களாம். போன் போட்டுக் கொடுத்து, வீட்டில் காசு கேள் என்று அடித்தார்களாம்." அரசு வழக்கறிஞர் எழுந்து, இது குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாதது என்றார். சரியாகத்தான் சொன்னார். பாஸ் இருந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. நான் கோப்பில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். ரோத்தான் வேண்டாம் என்று நீதிபதி விட்டுவிட்டார். நான்கு மாதம் சிறை.

வெளியே நடைபாதையில் அந்த சிட்டகாங்காரர் என்னிடம் சொன்னார்: "அக்கா, அவன் கடைசியில் சொன்னதற்கு எனக்கு மலாய்ச் சொல் தெரியவில்லை. எங்கள் பாஷையில் ஷொரோனார்த்தி." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சரணார்த்தி. சரணம் கேட்டு வந்தவன். தமிழில் அகதி, மலாயில் பெலாரியான், ஓடி வந்தவர். மூன்று மொழியிலும் எனக்குச் சொல் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுத இடம் இல்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. பாஸ் உள்ளவர், பாஸ் இல்லாதவர், இரண்டே வகை. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதன் 1967 நெறிமுறையிலும் இல்லை. யுஎன் அகதிகள் நிறுவனம் 1975இல் வியட்நாம் படகு மக்கள் வந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிறது, கார்டு கொடுக்கிறது. ஆனால் அந்தக் கார்டைச் சட்டம் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

2015 மே மாதம் ஒரு ராத்திரி. டிவி செய்தியில் பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியானைக் காட்டினார்கள். எல்லை மலையில் ஆள் கடத்தியவர்களின் 28 முகாம்கள், 139 புதைகுழிகள். மூங்கிலில் கட்டிய கூண்டுகள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கணுக்கால் ஞாபகம் வந்தது. மலையில் கட்டிப் போட்டிருந்தார்களாம் என்று எங்கள் அறையில், என் காதுபட, இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவன் சொல்லிவிட்டான். தொடர்பில்லாதது என்பதால் நான் எழுதவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது வெளியுறவுக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால், ரோஹிங்யாக்களுக்காகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சங்கமான ஆசியானில் வாயைத் திறந்த முதல் சில நாடுகளில் நம்முடையது ஒன்று. ஒருவர் வீட்டு விவகாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்பதுதான் அந்தச் சங்கத்தின் பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளை. அப்படியிருந்தும் 2016 டிசம்பர் 4ஆம் தேதி பிரதமர் நஜிப்பே கோலாலம்பூர் தித்திவாங்சா அரங்கில் கண்டனக் கூட்டத்தில் போய் நின்றார். மியன்மார் கோபித்துக்கொண்டு, இனி மலேசியாவுக்கு வேலையாட்களை அனுப்ப மாட்டோம் என்றது. அடுத்த ஜனவரியில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சிறப்புக் கூட்டம் போட்டார்கள். பிப்ரவரியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாட்டிக்கல் அலியா என்ற கப்பலில் உணவும் மருந்தும் போனது. யாங்கோனில் அதை வரவேற்றவர்கள் எதிர்ப்பு அட்டை பிடித்த பௌத்தத் துறவிகள்.

இதில் அரசியலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேர்தல் வரப்போகிற நேரம், வேறு பல தலைவலிகளும் இருந்த நேரம். இருக்கட்டும். அரசியலுக்காகச் செய்தாலும் சாப்பாடு சாப்பாடுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 2017 செப்டம்பரில் நடந்தது. ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து லட்சக்கணக்கில் வங்காளதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் அது 7 லட்சத்தைத் தாண்டியது. நியூயார்க்கில் கூடிய ஆசியான் வெளியுறவு அமைச்சர்களின் பெயரில், தலைமையில் இருந்த பிலிப்பைன்ஸ் ஓர் அறிக்கை விட்டது. நம் வெளியுறவு அமைச்சர் அனிஃபா அமான், இது உண்மை நிலவரத்தைச் சொல்லவில்லை, மலேசியாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று வெளிப்படையாக விலகிக்கொண்டார். ஆசியானில் இப்படி நடப்பது அபூர்வம். அவர் சொன்ன குறைகளில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் ரோஹிங்யா என்ற பெயரையே போடவில்லை என்பது.

ஒரு சொல் விடுபட்டதற்காக ஒரு நாடு சண்டை போட்டது. என் தொழில்காரி யாராக இருந்தாலும் எழுந்து நின்று கை தட்டியிருப்பாள், நானும் வீட்டில் தட்டினேன். தட்டிவிட்டு, நம் சட்டத்தில் விடுபட்ட சொல்லுக்கு யார் சண்டை போடுவது என்று யோசித்தேன்.

அப்புறம் 2020 வந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். ஏப்ரல் 16ஆம் தேதி லங்காவிக்கு அருகே சுமார் 200 பேர் இருந்த படகைக் கடற்படை சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அதே நாட்களில், இங்கே கரையேற முடியாமல் இரண்டு மாதம் கடலில் கிடந்த வேறொரு படகை வங்காளதேசக் கடலோரக் காவல்படை மீட்டது. உயிரோடு இருந்தவர்கள் 400 பேருக்குக் கொஞ்சம் குறைவு. பசியிலும் தாகத்திலும் செத்தவர்களைக் கடலிலேயே போட்டிருந்தார்கள். அந்த மாதம் என் வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம், ரோஹிங்யாக்கள் குடியுரிமை கேட்கிறார்களாம் என்ற பொய்ச் செய்தி. மலாய்க் குழுவிலும் வந்தது, நம் தமிழ்க் குழுவிலும் அதே வேகத்தில் வந்தது.

2021 பிப்ரவரி 23. மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவு போட்ட அதே நாளில், லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து 1,086 மியன்மார்க்காரர்களை அந்த ராணுவத்தின் கப்பல்களிலேயே ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் ரோஹிங்யாக்கள் இல்லை என்றது குடிநுழைவுத் துறை. 2019 ஆகஸ்டிலிருந்து தடுப்பு முகாம்களுக்குள் யுஎன் அதிகாரிகளை விடவே இல்லை. உள்ளே போய்ப் பார்க்காமல் யார் அகதி, யார் இல்லை என்று யார் சரிபார்ப்பது? நீதிமன்ற உத்தரவு என்றால் என்ன என்று முப்பது வருஷம் நம்பி வேலை பார்த்த எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீதிமன்றத்தின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 2020இல் படகில் வந்து லங்காவியில் பிடிபட்ட ரோஹிங்யா ஆண்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கீழ் நீதிமன்றம் சிறையோடு மூன்று ரோத்தானும் விதித்தது. ஜூலையில் அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றம் ரோத்தானை ரத்து செய்தது. சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அதே 6ஆம் பிரிவுதான். எதிரே நிற்பவன் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன், வழக்கமான குற்றவாளி இல்லை என்று ஒரு நீதிபதி பார்த்ததால் அடி விழவில்லை. நல்ல நீதிபதி கிடைத்தால் தப்பலாம். ஆனால் எந்த நீதிபதி கிடைப்பார் என்பதை நம்பித்தான் ஒருவன் படகு ஏற வேண்டுமா என்ன?

சட்டத்தை மாற்றப் பல வருஷம் ஆகும், நாடாளுமன்றம் வேண்டும் என்கிறார்கள். முழுக்க உண்மை இல்லை. அதே குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உள்துறை அமைச்சர் ஓர் உத்தரவு போட்டு, எந்த ஆளுக்கும் எந்த வகை ஆட்களுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்கலாம். நிபந்தனையோடும் கொடுக்கலாம், நிபந்தனை இல்லாமலும் கொடுக்கலாம். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மக்களுக்கு ஐஎம்எம்13 என்ற பாஸ் கொடுத்து வேலை செய்யவிட்டார்கள். 2006இல் ரோஹிங்யாக்களுக்கும் அதே பாஸைத் தொடங்கினார்கள். பதிவில் மோசடி என்று புகார் வந்ததும் சில வாரங்களில் நிறுத்திவிட்டார்கள். கள்ளப் பதிவு செய்தவனைப் பிடிக்காமல் பதிவையே மூடுவது என்ன நியாயமோ. 2017இல் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் 300 பேருக்கு வேலை என்று ஒரு சோதனைத் திட்டம் அறிவித்தார்கள். அதுவும் ஓடவில்லை. இன்றைக்கு நாட்டில் யுஎன் பதிவு பெற்ற சுமார் 2 லட்சம் அகதிகளில் பாதிக்கு மேல் ரோஹிங்யாக்கள். பெரியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வேலை பார்க்கிறார்கள், வேலை பார்க்காமல் எப்படிச் சாப்பிடுவது. சட்டப்படி வேலை இல்லாததால் கூலி கொடுக்காமல் ஏமாற்றுபவன்மேல் புகார் கொடுக்கப் போக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தாமானில் புல் வெட்டிவிட்டுப் பாதிக் காசு வாங்கிக்கொண்டு போன தம்பியை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், சட்டம் படித்த என் மருமகள் சொன்னது. 2019 நவம்பரில் காம்பியா ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தில் மியன்மார் மேல் இனப்படுகொலை வழக்குப் போட்டு, இரண்டே மாதத்தில் இடைக்கால உத்தரவும் வாங்கியதல்லவா. ஆப்பிரிக்காவின் ஒரு குட்டி நாடு போட்டதை நாம் ஏன் போடவில்லை என்று கேட்டேன். போட முடியாது அத்தை என்றாள். இனப்படுகொலை ஒப்பந்தத்தில் 1994இல் சேர்ந்தபோதே, 9ஆம் பிரிவுப்படி எங்களை அந்த நீதிமன்றத்துக்கு இழுக்க எங்கள் சம்மதம் வேண்டும் என்று மலேசியா நிபந்தனை எழுதிவிட்டது. நம்மை யாரும் இழுக்கக் கூடாது என்று போட்ட பூட்டு, நாம் இன்னொருவரை இழுக்கவும் விடாது. ஏழு லட்சம் பேரைத் தாங்கிய வங்காளதேசமும் அதே மாதிரி பூட்டுப் போட்டிருந்தது. அதனால்தான் பூட்டுப் போடாத காம்பியா போக வேண்டியிருந்தது. குழந்தை உரிமை ஒப்பந்தத்திலும் இதே கதைதான்: 1995இல் சேர்ந்தோம், இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி என்ற வாசகத்துக்கு விலக்கு எழுதிவிட்டுச் சேர்ந்தோம். அந்தத் தம்பியின் மகள் அரசாங்கப் பள்ளிக்குப் போவதில்லை. ஒரு கடைவீட்டு மாடியில், பாய் போட்டு உட்கார்ந்து படிக்கிறாள். மலாய் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

இதையெல்லாம் கோயிலில் பேசினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நம்ம பிள்ளைங்களுக்கே இன்னும் ஐசி (அடையாள அட்டை) கிடைக்கல, நீங்க அவங்களுக்குப் பேசுறீங்களே அக்கா?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறப்பு சூராட் (சான்றிதழ்) இல்லை. கடைசி வரைக்கும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. நான் பிறந்தது 1960. சுதந்திரத்துக்குப் பிறகு 1962 வரை இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்று சட்டம் இருந்ததால் எனக்குப் பிரச்சினை இல்லை, அரசாங்க வேலையும் கிடைத்தது. அப்பா வருஷா வருஷம் ஐசியை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பர்மாவில் 1982இல் புதுக் குடியுரிமைச் சட்டம் போட்டு, பிறகு 135 இனங்கள் என்று பட்டியல் வைத்து, அதில் ரோஹிங்யா பெயரை விட்டுவிட்டார்கள். தாத்தா காலத்திலிருந்து இருந்தவனுக்கு ஒரே நாளில் ஊர் இல்லாமல் போனது. அப்பாவின் சிவப்பு ஐசியும் அந்தத் தம்பியின் கார்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அப்பாவை யாரும் துரத்தவில்லை, வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் வேட்டி மடிப்பு ஞாபகம் வந்தது. நம் பிள்ளைகளுக்கு ஐசி கிடைக்காதது இவர்கள் வாங்கிக்கொண்டதால் இல்லை. இவர்களுக்கும்தான் கிடைக்கவில்லையே. இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள், சிலர் பிரசாத வரிசைக்குப் போய்விடுவார்கள்.

2022 ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலை, இங்கிருந்து அதிக தூரம் இல்லாத சுங்கை பாக்காப் பக்கத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் உடைத்துக்கொண்டு ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் செத்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள். அந்தத் தடத்தில் பினாங்கிலிருக்கும் மகள் வீட்டுக்கு மாதம் இருமுறை போகிறேன். அந்த இடம் வந்தால் மருமகன் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார், நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

நேற்று ராத்திரி தம்பி போன் செய்தார். வழியில் ரோட்பிளாக் இல்லையாம். கார்டு வேலை முடிந்துவிட்டது, ஆனால் மகளுக்குக் காய்ச்சல், செலாயாங்கில் உறவினர் வீட்டில் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். "மக்சிக், இரண்டு நாளைக்கு ஒரு தடவை மிஷினை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்." காலையில் முயன்றேன். கயிறு இழுக்க என் தோளுக்கு வலு இல்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன், மூன்றாவது இழுப்பில் புகையோடு பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம்.